கேமேன் டைரி: சத்துவாச்சாரில இருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மாமா பையன் ராணிப்பேட்டைல இருந்து காலைல 7 மணிக்கே போன். "மச்சான், வண்டி வந்துருச்சு, வா." போனா தோல் குடோன்ல, உப்பு போட்ட பச்சைத்தோல் அடுக்குக்கு பக்கத்துல, தார்பாய்க்கு கீழ நிக்குது. போர்ஷே கேமேன் எஸ், செகண்ட் ஹேண்ட், 3.4 லிட்டர், 325 குதிரை, எஞ்சின் சீட்டுக்கு பின்னாடி. அந்த வாடைல அந்த வண்டிய பார்த்தது ஒரு மாதிரி இருந்துச்சு, கல்யாண மாப்பிள்ளைய மாட்டுக் கொட்டாய்ல உக்கார வச்ச மாதிரி.

வாங்கிட்டானே தவிர அவனுக்கு ஓட்ட பயம். அவன் வீட்டுல இருந்து ஹைவே ஏறுறதுக்குள்ள 7 ஸ்பீட் பிரேக்கர், ஒவ்வொண்ணையும் குறுக்கால ஏத்தி எறக்கணும், பின்னாடி ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சே உயிர எடுப்பான். கிரீன் சர்க்கிள்ல நின்னா பத்து செல்போன் நீட்டுது. "நீயும் வா, முறையா கத்துப்போம், டயர் காசு பாதி பாதி"ன்னான். வேலூர் சத்துவாச்சாரில வீல் அலைன்மென்ட் கடை வச்சிருக்கவன்கிட்ட டயர் காசு பாதின்னு சொல்றான் பாருங்க.

கடைப் பசங்க சொல்றது வேற. "அண்ணே, ஏலகிரி போலாம்ணே, 14 கொண்டை ஊசி." அங்க வளைவுக்கு வளைவு புலவர் பேரு, வள்ளல் பேரு எழுதி போர்டு வச்சிருக்காங்க. பாரின்னு ஒரு போர்டு. தேரையே முல்லைக்கொடிக்கு குடுத்துட்டு நடந்து போன மனுஷன் பேரு போட்ட வளைவுல நான் கார கவுத்தா நல்லாவா இருக்கும். வெளையாட்டில்ல, எதிர்ல பஸ் வரும், கொரங்கு குட்டிய தூக்கிகினு நடுரோட்ல உக்காந்திருக்கும். ரோட்டுல இந்த வேலையே வேணாம்னு முதல்லயே பேசிக்கிட்டோம்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் முடிஞ்சு முதல் கிளாஸ். கோச் ஒருத்தர் கெடச்சாரு, வயசு அறுபது இருக்கும், அதிகம் பேச மாட்டாரு. தனியார் காலி இடம், சிமெண்ட் தரை, கோன் வச்சு ஒரு வட்டம், ஆரம் 30 மீட்டர். "சுத்துங்க தம்பி. மெதுவா ஏத்திகினே போங்க." அவ்ளோதான் பாடம்.

40 கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணும் தெரியல. 50ல டயர் முனக ஆரம்பிச்சுது. 58 கிட்ட முன்டயர் வெளிய தள்ளுது, நான் ஸ்டீயரிங்க இன்னும் ஒடிக்கிறேன், இன்னும் தள்ளுது, இன்னும் ஒடிக்கிறேன், கடைசில கத்துது. கோச் பக்கத்துல உக்காந்துகினு வெத்தல போடுறாரு. "டயர் முனகுனா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கத்துனா வேலைய நிறுத்திட்டு உங்கள திட்டுதுன்னு அர்த்தம். கொஞ்சம் ஸ்டீயரிங்க விடுங்க." விட்டேன். வண்டி திரும்பிச்சு! குறைச்சு திருப்புனா அதிகமா திரும்புது, இத எந்த டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க?

அப்புறம் டேங்கர்ல தண்ணி தெளிச்சாங்க. அதே வட்டம், 44லயே வழுக்குது. காஞ்ச தரைக்கும் நனைஞ்ச தரைக்கும் 14 கிலோமீட்டர் தான் வித்தியாசம், அதுல ஒரு உசுரு இருக்குன்னு தோணுச்சு. மச்சான் ரெண்டு சுத்து சுத்திட்டு எறங்கி வாந்தி எடுத்தான். வர்ற வழில ஆற்காட்டுல மக்கன் பேடா வாங்கிக் குடுத்தேன், அதையும் பாதிதான் தின்னான்.

ஜனவரி 26

மழையும் இல்ல வெயிலும் இல்ல, ஒண்ணும் நடக்கல. கடைல கூட்டம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

விடியக்காலம் 4 மணிக்கு கெளம்பினோம். வாலாஜா, காவேரிப்பாக்கம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, 100 கிலோமீட்டர் சொச்சம். 1990ல ஆரம்பிச்ச ரேஸ் டிராக், ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. நாராயண் கார்த்திகேயன்லாம் ஓடுன எடம். ஃபார்முலா ஒன்னுக்கு போன முதல் இந்தியன், 2005ல, நம்ம கோயம்புத்தூர்காரரு. நான் போனது டிஃபன் பாக்ஸோட.

கோச் காலைல முதல் வேலையா ஒரு ஸ்கூல் சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு டயர் ஓரத்துலயும், தரைய தொடுற மேல் பட்டனும் பக்கச் சுவரும் சேர்ற எடத்துல, குறுக்கால ஒரு கோடு போட்டாரு. அந்த ஓரத்துல பொடிசா ஒரு முக்கோணம் அச்சடிச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. வளைவுல டயர் எம்மாந்தூரம் மடங்குதோ அவ்ளோ தூரம் சாக்பீஸ் அழியும். முக்கோணம் வரைக்கும் அழிஞ்சா சரி, தாண்டி அழிஞ்சா டயர பக்கவாட்டுல போட்டு அரைச்சிருக்கேன்னு அர்த்தம். பத்து வருஷமா அடுத்தவன் டயர தடவிப் பார்த்து "அண்ணே உங்களுக்கு பிரேக் கொஞ்சம் அதிகம்"னு சொல்றவன் நான், எனக்கே இது தெரியாது.

வண்டி வழுக்குனா தானா பிரேக் புடிச்சு நேராக்குற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஆன்லயேதான் ஓட்டணும்னுட்டாரு. ஆறு சுத்து. வேகமா போனேன்னு நினைச்சுகினு உள்ள வந்தேன். இடது முன்டயர்ல சாக்பீஸ் முக்கோணத்த தாண்டி ஒரு விரக்கடை அழிஞ்சு போயிருக்கு, ஓரம் ரப்பர் உருண்டு உருண்டு புண்ணு மாதிரி. டிராக் வலமா சுத்துது, அதனால பாரம் பூரா இடது பக்கம், சரி. ஆனா அவ்ளோ அழிஞ்சதுக்கு நான்தான் காரணம், பிரேக்க லேட்டா போட்டு வேகத்தோட உள்ள போயி ஸ்டீயரிங்க ஒடிச்சிருக்கேன். டயர் ஆறியிருக்கச் சொல்ல 30 வச்ச காத்து, சூட்டுல 37 காட்டுது. கோச் ஒண்ணும் சொல்லாம ஏர் கேஜ் வச்சு காத்த எறக்குனாரு. அவர் சும்மா இருக்குறதுதான் திட்டு.

கடைசி ரவுண்டுல பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. மெதுவா பிட்டுக்கு, அதான் டிராக் ஓரம் வண்டி நிறுத்துற எடத்துக்கு, கொண்டாந்துட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பிரேக் ஆயில் மாத்தாம போனது என் தப்பு, வேற யாரையும் சொல்லக்கூடாது. டாட் 4 ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் இழுத்து பழசாச்சுன்னா கொதிநிலை 155க்கே எறங்கிடும். கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்குனா அமுங்கும், டிஸ்க்க புடிக்காது. வர்ற கஸ்டமருக்கெல்லாம் சொல்லுவேன். ஊருக்கு உபதேசம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சுத்திட்டேன். வண்டியோட.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல இன்னைக்கு ஆஃப் பண்ணிக்க சொன்னாரு. நாலு சுத்து அழகா போச்சு, பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா விட்டுகினே வளைவுக்குள்ள நுழையுறது, அப்ப முன்டயர் தரைய புடிச்சுகினு வண்டி தானா மூக்க உள்ள திருப்புது, அந்த சொகம் கைக்கு வந்துருச்சு. அஞ்சாவது சுத்துல ஒரு நீளமான வளைவு, நடுவுல ஒரு நொடி வேகம் ஜாஸ்தியோன்னு ஒரு பயம், கால ஆக்ஸிலேட்டர்ல இருந்து சட்டுனு எடுத்துட்டேன். அவ்ளோதான். பின்னாடி யாரோ பாய உருவுன மாதிரி இருந்துச்சு. ஸ்டீயரிங்க எதிர்ப்பக்கம் திருப்புனேன், லேட்டு. வானம், புல்லு, நான் வந்த ரோடு, மறுபடி புல்லு. "பிரேக்கு! முழுசா!"ன்னு கோச் குரல், அமுக்குனேன், நின்னுச்சு. ஹெல்மெட்டுக்குள்ள என் மூச்சு சத்தம் மட்டும். வண்டிக்கு ஒரு கீறல் இல்ல, அடில புல்லு மட்டும் சொருகிகினு இருந்துச்சு.

"வேகத்துல சுத்தல தம்பி, அந்த வேகத்துக்கு வண்டி தாங்கும். பயத்துல சுத்துனீங்க"ன்னாரு.

மச்சான் கேலரில இருந்து வீடியோ எடுத்திருக்கான். அழிச்சுடுறான்னா சிரிக்கிறான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நைனா 31 வருஷம் கவர்மெண்ட் பஸ் டிரைவர், வேலூர் திருவண்ணாமல ரூட்டு. சின்ன வயசுல சோழாவரத்துல, பழைய ஏரோட்ரோம் ஓடுபாதைல ரேஸ் நடக்கச் சொல்ல போயி பார்த்த ஆளு. வீடியோவ மச்சான் அவருக்கே காட்டிட்டான், துரோகி. நாலு தடவ ஓட்டி ஓட்டி பார்த்தாரு. அம்மாவுக்கு காட்டல, அந்த வரைக்கும் புண்ணியம்.

"இன்னாடா, கால புடுங்கிட்டியா?"

"ஆமா நைனா."

"மாட்டுவண்டில பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல தூக்கிக்கும். முன்பாரம் ஆச்சுன்னா மாட்டுக் கழுத்துல உக்காரும். நீ கால புடுங்குன உடனே முன்பாரம் ஆயிட்ச்சு, பின்னாடி சக்கரம் வெத்தா நிக்குது. வெத்துச் சக்கரம் இன்னாத்த புடிக்கும்?" டம்ளர எடுத்து சாய்ச்சுக் காட்டுனாரு, காபி ஒரு பக்கம் ஏறுச்சு. "பஸ்ல நின்னுகினு வர்ற ஜனம் ஒருத்தர் மேல ஒருத்தர் வுழாம ஓட்டு. பாரம் சொல்லாம கொள்ளாம எடம் மாறக்கூடாது."

கோச் ஒரு மாசமா வெயிட் டிரான்ஸ்ஃபர் வெயிட் டிரான்ஸ்ஃபர்னு சொல்லிகினு இருந்தது இதத்தான். அன்னைக்கு சாயங்காலமே கடை வேன்ல பின்னாடி ஒரு சொம்பு தண்ணி வச்சு சத்துவாச்சாரில இருந்து காட்பாடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பாலாத்துப் பாலம் ஏறுறதுக்குள்ள பாதி சொம்பு காலி.

மார்ச் 9, ஞாயிறு

போன வாரத்துல இருந்து வேன்ல சொம்பு சிந்தல. சரி, டிராக்குக்கு வருவோம்.

வெயில் ஏற ஆரம்பிச்சுருச்சு, 9 மணிக்கே தார் சுடுது. அதே நீளமான வளைவு, அதே எடத்துல அதே பயம் வந்துச்சு, போகல அது. கால மட்டும் எடுக்கல, ஒரு நூல் அளவு தளர்த்துனேன். பின்பக்கம் லேசா வெளிய ஒதுங்குச்சு, சீட்டு வழியா இடுப்புல தெரிஞ்சுது, கண்ணுக்கு முன்னாடி இடுப்புக்கு சேதி வருது. ஸ்டீயரிங்க ரெண்டு விரல் திருப்பி எடுத்தேன், வண்டி அதுபாட்டுக்கு நேரா வந்துருச்சு. முழுசா ஒரு செகண்ட் இருக்குமா, தெரியல. கோச் ஒண்ணும் சொல்லல, வெத்தல மடிச்சாரு.

எவ்ளோ டைம்னு கேக்காதீங்க, அவரு ஸ்டாப்வாட்சே கொண்டு வரல.

உள்ள வந்து முதல்ல இடது முன்டயர்கிட்ட குனிஞ்சேன். சாக்பீஸ் முக்கோணத்து நுனி வரைக்கும் அழிஞ்சிருக்கு, அதுக்கு கீழ வெள்ளை அப்படியே இருக்கு.

மார்ச் 10, திங்கள்

நாலு டயரையும் கழட்டி கடைல போட்டு வச்சிருந்தேன், யாருதுன்னு சொல்லல. சின்னப் பையன் கையால தடவிப் பார்த்துட்டு, நான் கஸ்டமர்கிட்ட பேசுற அதே தோரணைல, "முன்னாடி ஒரு ஆளு ஓட்டியிருக்கான்ணே, அவன் சரியில்ல, அரைச்சு வச்சிருக்கான். அப்புறம் வேற யாரோ ஓட்டியிருக்காங்க"ன்னான்.

மச்சானுக்கு பில்லு அனுப்பிட்டேன். பாதி.