தேயாத ஷூ: தேவாலா தங்கச் சுரங்கக் குறிப்புகள்

2024 பிப்ரவரி 3, சனி

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகத் தேவாலா வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. நண்பரின் தேயிலைத் தோட்டத்துக்குள் பழைய தங்கச் சுரங்கத்தின் மிச்சம் கிடக்கிறது. அந்த இரும்பைக் காயலான் கடைக்குப் போடுவதா, கூரை போட்டு வைத்துக்கொள்வதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கோலார் தங்கவயலில் மில் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் இந்த அழைப்பு. நான் வேலை பார்த்தது ‘பால் மில்’லில் (ball mill), இரும்புக் குண்டுகள் உருண்டு கல்லை அரைக்கும் இயந்திரம். உலக்கையால் கல்லை இடிக்கும் பழைய ஸ்டாம்ப் மில்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அப்பாவிடமும் பழைய ஃபிட்டர்களிடமும் கேட்டது.

தென்கிழக்கு வயநாடு என்ற இந்தப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1874-இல் ஆல்ஃபா கம்பெனி தேவாலாப் பக்கம் வெட்ட ஆரம்பித்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த பிரவ் ஸ்மித்தை அரசாங்கம் அழைத்துவந்து பார்க்கச் சொன்னது. அவருடைய அறிக்கை 1880-இல் வெளிவந்ததும் லண்டனில் பங்கு வாங்க அடிதடி. இரண்டே வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். அடுத்த சில வருடங்களில் அநேகமாக எல்லாமே படுத்துவிட்டன. ‘தங்கமே இல்லாத இடத்தில் வெள்ளைக்காரன் ஏமாந்தான்’ என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் கதை. பார்ப்போம்.

பிப்ரவரி 4

காலையில் சுரங்க வாய்க்குப் போனோம். வழிகாட்ட வந்தவர் சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இங்கே குடியமர்ந்த குடும்பம், டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். நான் ‘அண்ணே’ என்கிறேன், அவர் என்னை ‘சார்’ என்பதை விடுவதாக இல்லை.

மலையின் பக்கவாட்டில் கிடைமட்டமாகக் குடைந்த சுரங்கப்பாதை அது, ‘அடிட்’ என்போம். ஆள் குனியாமல் போகலாம். உள்ளே போகவில்லை, பழைய சுரங்கத்தில் காற்று எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வாயில் நின்று டார்ச் அடித்தேன். சுவரில் கையால் துளைபோட்ட தடங்கள் பாதிப் பாதிக் குழல்களாக அப்படியே நிற்கின்றன. வெடித்த பிறகும் தடம் இவ்வளவு நேராக நிற்கிறதென்றால் துளை போட்டவனுக்குக் கை பழகியிருக்கிறது. தரை, வாயை நோக்கி லேசான சரிவு. கோடையிலும் தண்ணீர் தானாக வெளியே வடிகிறது. பம்பு வேண்டாம், கல் நிரப்பிய தள்ளுவண்டியும் சுலபமாக வெளியே வரும். வேலை தெரிந்தவர்கள் போட்ட அடிட்.

அதற்கு மேலே சரிவில் ஒழுங்கில்லாத பள்ளங்கள். கம்பெனிக்காரர்களுக்கு வெகு காலம் முன்பே உள்ளூர்க்காரர்கள் பொன் கலந்த கல் ரேகையைத் தொடர்ந்து தோண்டியவை. ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன் எடுப்பது பணியர், குறும்பர் கைவேலை. தங்கம் இல்லாத இடத்தில் இத்தனை பள்ளம் எதற்கு?

அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். இன்றைக்கும் இங்கே சிலர் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறார்கள், அதில் உயிர் போனவர்களும் உண்டு. “மேலாக துருப் பிடிச்ச மாதிரி பொறுபொறுன்னு இருக்கிற கல்லுலதான் சார் பொன்னு. கீழே போகப் போக கல்லு கறுத்து இறுகிடும். அதை யாரும் தொட மாட்டாங்க.” நோட்டில் முதலில் எழுதியது இதைத்தான்.

பிப்ரவரி 5

இன்று முழுக்க மில்.

காப்பிச் செடியும் லாண்டானாவும் மூடிய ஒரு திட்டில் ஐந்து ஸ்டாம்புக்கான, அதாவது ஐந்து உலக்கைக்கான மார்ட்டர் பாக்ஸ் (கல்லை இடிக்கும் இரும்புத் தொட்டி), கேம் ஷாஃப்ட் (உலக்கைகளைத் தூக்கும் தண்டு), உடைந்த கப்பி, கொஞ்சம் தள்ளி ஒரு பாய்லர். மரச் சட்டம் எல்லாம் கரையான் தின்று போச்சு. பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு அஸ்திவாரம் இருக்கிறது, ஆகவே பத்து ஸ்டாம்ப் மில்.

தெரியாதவர்களுக்காக: தண்டோடு சுழலும் கேம் என்ற வளைந்த கை ஒன்று இரும்பு உலக்கையை முக்கால் அடி போலத் தூக்கிவிடும், அது தன் எடையில் விழும். ஓர் உலக்கை 350 கிலோ சுமார், நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு முறை விழும். தண்ணீரோடு பொடியான கல் சல்லடை தாண்டி, பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் வழியும். பொன்துகளை ரசம் பிடித்துக்கொள்ளும். அதை வழித்து, தோலில் பிழிந்து, சூடாக்கி ரசத்தை ஆவியாக்கினால் தங்கம் நிற்கும்.

மார்ட்டர் பாக்ஸைத் தட்டிப் பார்த்தேன். ஒரே வார்ப்பு, இரண்டு டன்னுக்குக் குறையாது. மலைப்பிரதேசத்துக்கென்றே துண்டு துண்டாக வார்த்துப் போல்ட் போடும் வகை அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் அதில் இணைப்பு ஒழுகும், ரசமும் பொன்னும் அங்கே காணாமல் போகும். ஒரே வார்ப்பை மலைமேல் ஏற்றியது பிடிவாதம்தான், ஆனாலும் சரியான பிடிவாதம். எந்த வழியாக வந்தது என்பதற்கு இங்கே அத்தாட்சி இல்லை. கடலிலிருந்து வந்த சரக்கு என்றால் நிலம்பூர்ப் பக்கமிருந்து கார்க்கூர் கணவாய் ஏறித்தான் நாடுகாணிக்கு வந்திருக்கும். அந்த மாடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஷூ. உலக்கையின் அடியில் மாட்டும் தேய்மானத் துண்டுக்கு அந்தப் பெயர். குவார்ட்ஸ் கல்லில் ஓடினால் சில மாதங்களில் ஒட்டத் தேய்ந்துவிடும், கழற்றிப் புதிது போட வேண்டும். இங்கே மண்ணில் புதைந்திருந்த ஒன்றைக் கிளறி எடுத்தோம். அடி விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. அரை அங்குலம்கூடப் போகவில்லை. சரி, நிறுத்துவதற்கு முந்தின வாரம் மாட்டியதாக இருக்கலாம் என்று கேம்களைப் பார்த்தேன். துருவைக் கம்பி பிரஷால் சுரண்டிவிட்டு விரலை ஓட்டினால், தேய்ந்து பள்ளமாக வேண்டிய முகத்தில் வார்ப்பு மணலின் சொரசொரப்பே இன்னும் மிச்சம் இருக்கிறது. கேம் அடிக்கடி மாற்றுகிற சாமான் இல்லை. இந்த மில் சில மாதங்கள் ஓடியிருந்தாலே அதிகம்.

பாய்லர் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடிவயிறு ஓட்டை.

பிப்ரவரி 6

கீழ்ச்சரிவில் யானை நிற்பதாகத் தகவல். யாரும் வெளியே போகவில்லை.

பிப்ரவரி 8

நேற்றும் இன்றும் கணக்கு. குவார்ட்ஸில் ஒரு ஸ்டாம்ப் நாளைக்கு ஒன்றரை டன் அரைக்கும் என்று வைத்தால் பத்துக்கும் சேர்த்து 15 டன். டன்னுக்கு 3 பென்னிவெயிட் பொன், அதாவது நாலரை கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் அறுபது சதவீதம் பிடிபட்டால் நாளுக்கு 42 கிராம். அன்றைய பிரிட்டிஷ் சவரன் நாணயக் கணக்கில் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கூலி, விறகு, ரசம், துரைமார் சம்பளம், லண்டன் ஆபீஸ் எல்லாம் முடிய வேண்டும். வயநாட்டுக் காய்ச்சலில் (மலேரியா) ஆட்கள் படுத்துவிட்டால் அந்த 15 டன்னும் கிடையாது.

அறுபது சதவீதம் என்பதும் மேல்மட்டக் கல்லுக்குத்தான். அண்ணன் சொன்ன ‘கறுத்த கல்’ பைரைட் கலந்தது, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. மேலே மழையும் காற்றும் காலங்காலமாகப் பைரைட்டை அரித்துப் பொன்னை விடுவித்து வைத்திருந்தன. கீழே அது பைரைட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது, ரசம் அதைத் தொடாது. அந்தப் பூட்டை ஓரளவு திறக்கக்கூடிய சாவி, பொன்னைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறை. மாக்கார்தரும் ஃபாரஸ்டும் அதற்குக் காப்புரிமை எடுத்தது 1887-இல். இவர்கள் கடை கட்டியது அதற்கு முன்பு.

ஆனால் சயனைடு வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நிலவியலாளர்கள் ஹேடனும் ஹாட்சும் இந்தத் தங்க வயலை முறையாக மாதிரி எடுத்து ஆராய்ந்து 1901-இல் எழுதிய முடிவு நம்பிக்கை தருவதாக இல்லை. பொன் உண்டு, செலவுக்குக் கட்டாது. கோலாரில் தொடக்க காலத்தில் டன்னுக்கு அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) கணக்கில் பேசினார்கள். அங்கேயும் 1883 வாக்கில் மைசூர் கம்பெனியின் பணம் தீரும் நிலைமைதான். மிச்சத்தையும் ஆழமாக வெட்டுவதில் போட்டார்கள், ரேகை அகப்பட்டது.

என் கோபம் இவர்கள் வேலை செய்த வரிசை மேல். முதலில் ரேகையின் குறுக்கே, நல்ல கல் கெட்ட கல் பார்க்காமல், சீரான இடைவெளியில் மாதிரி வெட்ட வேண்டும். அப்புறம் அடிட் ஓட்டிச் சில வருடங்களுக்கான கல்லைக் கண்ணால் பார்க்க வேண்டும். மில்லுக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கும் பிறகு. பொறுக்கியெடுத்த கல்லின் மதிப்பீட்டை நம்பிப் பங்கு விற்றவர்களுக்கு மில் ஓடுகிற சத்தம் சீக்கிரம் தேவைப்பட்டது. மாவே கரைக்காமல் தோசைக்கல்லைக் காய வைத்த கதை. அடிட் போட்டவனையும் இந்த மில்லைப் பூட்டியவனையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிப்ரவரி 10

நண்பரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாய்லரைப் போடலாம். மார்ட்டர் பாக்ஸ், கேம் ஷாஃப்ட், அந்த ஷூ மூன்றும் இருக்க வேண்டும். துருவைச் சுரண்டி எண்ணெய் பூசி, சிமென்ட் மேடையில் தகரக் கூரைக்குக் கீழே வைக்கலாம். தேவாலா மழைக்குத் திறந்த வெளியில் இரும்பு நிற்காது. மேல்சரிவுப் பள்ளங்களைச் சுற்றி இந்த மழைக்கு முன்பே வேலி போட்டாக வேண்டும், இலை பறிக்கிற பெண்கள் நடக்கும் வழி அதுதான். செம்புத் தகட்டு மேடை இருந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பாமல் யாரும் கிளறக் கூடாது, பாதரசம் போகிற பொருள் அல்ல.

“காயலான் கடைக்காரன் மார்ட்டருக்கு நல்ல விலை சொன்னானே” என்றார் நண்பர். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.