உள்ளிக்கு இந்தக் குளிர் வேண்டும்

மார்ச் பிறந்தால் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் வெயில் நன்றாகத்தான் அடிக்கும். மண்ணில் கை வைத்தால் இன்னும் கல். போன கிழமை ஒரு நாள் 12 பாகை வந்தது. "மண்வெட்டியை எங்க வைச்சனி?" என்று அம்மா கேட்டுவிட்டார். அடுத்த நாள் மறுபடி ஸ்னோ, மறுபடி திட்டு.

எனக்கு ஸ்னோவோடு கோபமில்லை. வேலியோரப் பாத்தியில் ஒக்டோபரிலேயே உள்ளி (வெள்ளைப்பூண்டு) ஊன்றி வைக்கோல் பரப்பியாயிற்று. உள்ளிப்பல்லு மண்ணுக்குள் கிடந்து குளிர் வாங்கினால்தான் கோடையில் பல்லுப் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் ஒற்றைக் குண்டாகவே நின்றுவிடும். ஸ்னோ மூடிக் கிடக்கும் வரை மண்ணின் சூடும் அவ்வளவாக மாறாது. நான் பயப்படுவது ஸ்னோ இல்லாத மார்ச்சுக்குத்தான்: பகலில் இளகி இரவில் இறுகும் மண், ஊன்றிய பல்லை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் நேர்மாறு. விதைத்தட்டின் கீழே சூடாக்கும் பாய், மேலே விளக்கு என்று பேஸ்மன்டில் ராச வாழ்க்கை. மண் 25 பாகைக்கு மேல் இருந்தால் மிளகாய் ஒழுங்காக முளைக்கும். முளைத்ததும் பாயை எடுத்துவிட்டு, தண்ணீரையும் குறைத்து, சின்ன விசிறி ஒன்றை ஓடவிடுவேன். இல்லையென்றால் அடித்தண்டு அழுகி, கன்று சாய்ந்துவிடும். பயற்றங்காய்க்கு இப்போது அவசரமே இல்லை. அதன் வேரைக் குழப்பக்கூடாது, நேரே நிலத்தில் போடுவதுதான் நல்லது.

எப்போது வெளியே வைப்பது? விக்டோரியா நாள் வரட்டும் என்பார்கள் இங்கே. மே 25க்கு முந்திய திங்கள். நான் நாட்காட்டியை விட இரவைத்தான் பார்ப்பேன். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் கத்தரி உடனே சாகாது, ஆனால் நின்ற இடத்திலேயே விறைத்து நிற்கும். முந்தி வைத்தவர் வீட்டுக் கன்றும் பிந்தி வைத்தவர் வீட்டுக் கன்றும் யூலையில் ஒரே உயரம்தான். கறிவேப்பிலைச் சாடியை வெளியே விடச் சொல்லி அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். யூன் வரை அது யன்னலடியில்தான், அம்மா!

யூனில் உள்ளி பூத்தண்டு விட்டுச் சுருளும். அதை முறித்துவிட்டால் கிழங்கு பருக்கும், முறித்த தண்டு தேங்காய்ப்பூ போட்ட வறைக்கு ஆகும். வைக்கோல் தந்த பக்கத்து வீட்டு இத்தாலிய ஐயாவுக்கும் ஒரு கிண்ணம் சொல்லி வைத்திருக்கிறேன். உறைப்பு மட்டும் குறைத்துப் போடவேண்டுமாம்.