தூக்குவதற்கு முன்பே வலிக்கு மருந்து: லோயர் கேம்பில் எங்கள் 108 அனுபவம்

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். வலது கால் குட்டையானது போல, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. லேசாகத் தொட்டாலே அலறினார்.

108-க்கு அடித்தேன். எடுத்தவர் மலையாளத்தில் பேசினார். எங்கள் லோயர் கேம்ப் தேனி மாவட்டத்தில், குமுளி மலையடிவாரத்தில் கேரள எல்லையோரம் இருக்கிறது; போன் சில நேரம் கேரள டவரைப் பிடித்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா போனில் அடித்ததும் நம் பக்கம் கிடைத்தது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் மாநிலத்தையும் மாவட்டத்தையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

வண்டி வந்ததும் சித்தப்பா, "தூக்குங்க, கிளம்பலாம்" என்று அவசரப்படுத்தினார். உடன் வந்த மருத்துவ உதவியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பிரஷர், நாடி, ஆக்சிஜன் பார்த்தார். பாதத்தில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்றார். "பத்துதாம்ப்பா" என்றார் அம்மா.

அப்புறம் கட்டுப்பாட்டு அறை டாக்டரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். தலையில் அடிபட்டதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேள்விகள் வந்தன. சிறுநீரகப் பிரச்சினை உண்டா என்றதும், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) கூடுதலாக இருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். "அப்போ டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் நரம்பு வழியா ஏத்துங்க" என்றார் டாக்டர். டைக்ளோஃபெனாக் என்பது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு வலி மருந்து. அதற்கும் முன்னால் எடை கேட்டார், வீட்டில் வலி மாத்திரை ஏதும் கொடுத்தோமா என்றும் கேட்டார். எடை ஐம்பது கிலோவுக்குக் குறைவென்றால் அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தானாம். முன்பே மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருந்து ஏற 15 நிமிடம். "ஊசி போட்டால் எங்கே அடின்னு பெரிய டாக்டருக்குத் தெரியாமல் போயிடுமே" என்றார் சித்தப்பா. எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும், வலியோடு கிடப்பதால் ஒரு லாபமும் இல்லை என்று டாக்டரே போனில் விளக்கினார். எனக்கு அந்தப் பதில் பெரிய ஆறுதல். வயதானவர்களை வலியில் துடிக்க விட்டுத் தூக்குவதை நம் ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு காலுக்கும் இடையில் போர்வையை மடித்து வைத்துச் சேர்த்துக் கட்டினார்கள். தூக்கும்போது அம்மா முனகினார், அலறவில்லை. சின்னமனூர் தாண்டும்போது மறுபடி கேட்டார்கள், "அஞ்சு" என்றார். தேனி பக்கத்தில் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மருந்தும் அளவும் நேரமும் எழுதிய தாளைப் பார்த்த பிறகே அடுத்த ஊசி போட்டார்கள்.

இப்போது அம்மாவின் மாத்திரைப் பட்டியல், எடை, கடைசி ரத்தப் பரிசோதனை மூன்றும் வீட்டில் எல்லார் போனிலும் படமாக இருக்கின்றன.