கடற்பசு பார்க்கப் போகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் வேலை

டர்பனில் ஒரு டிராவல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். தமிழ்நாட்டுக் கோயில் யாத்திரை, மொரீஷியஸ், துபாய் என்று போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது ஃபுளோரிடாவும் கேட்கிறார்கள். டிஸ்னிக்குத்தான் போகிறார்கள். ஆனால் பிள்ளைகள் எங்கேயோ வீடியோவில் மேனட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, இதையும் சேர்த்துப் போடுங்க" என்கிறார்கள். மேனட்டி என்பது நம் ஊர் ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டையும் நாம் கடற்பசு என்றே சொல்லிவிடுகிறோம்.

அடுத்த கேள்வி எல்லோரிடமும் ஒன்றுதான்: "எந்த பீச்சுக்குப் போனால் பார்க்கலாம்?"

இதற்கு ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம், வேலை சுலபமாக முடியும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மேனட்டி வெதுவெதுப்பான கடலோரத்துப் பிராணி என்று கேள்விப்பட்டதும், நல்ல வெயில் காலத்தில் மணல் கரையில் போய் நின்றால் தெரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. கடல் முழுவதும் சூடாக இருக்கும்போது அது எங்கே வேண்டுமானாலும் போகும். ஃபுளோரிடாவில் கோடை வந்துவிட்டால் ஆறு, கழிமுகம், கால்வாய், கடற்புல் மேடு என்று பரந்து மேயும். சில, வடக்கே ஜார்ஜியா, கரோலினா வரை நீந்திவிடும். 'செஸ்ஸி' என்று பெயர் வைத்த ஆண் ஒன்று 1995-இல் ரோட் ஐலண்ட் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. அந்த மாதங்களில் அதைப் பார்ப்பது முழுக்க அதிர்ஷ்டம். கலங்கிய தண்ணீரில் ஒரு மூக்கு நுனி எழுந்து அடங்கும், அவ்வளவுதான்.

குளிர் வந்தால் கதையே வேறு. இவ்வளவு பெரிய உடம்பு, அரை டன் எடை, பத்தடி நீளம். ஆனால் திமிங்கிலத்துக்கு இருப்பது போலக் குளிர் தாங்கும் கொழுப்புப் போர்வை இதற்குக் கிடையாது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் நோய்வாய்ப்பட்டுச் செத்தே போகும். அதனால் கடல் குளிர ஆரம்பித்ததும், ஆண்டு முழுக்க 22 டிகிரியிலேயே ஊறிக்கொண்டிருக்கும் நிலத்தடி ஊற்றுகளைத் தேடி வந்துவிடுகிறது. பரந்து கிடந்தவை எல்லாம் ஒரு சில இடங்களில் வந்து கூடும். அப்போதுதான் இடத்தைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. நான் முதலில் மாதத்தைக் கேட்பது இதனால்தான்.

இதில் தென்னாப்பிரிக்காக்காரர்களுக்கு ஒரு வசதி அமைந்திருக்கிறது. நம் பெரிய பள்ளி விடுமுறை டிசம்பரிலும் ஜனவரி முற்பாதியிலும். இங்கே நாம் வியர்த்து வழியும்போது ஃபுளோரிடாவில் குளிர்காலம். நவம்பர் பாதியிலிருந்து மார்ச் முடிய மேனட்டி ஊற்றுகளில் இருக்கும். தைப்பூசக் காவடி எடுக்கிறவர்கள் வீட்டில் விரதம் தொடங்குவதற்குள் திரும்ப வேண்டும் என்பார்கள், அதற்குத் தகுந்தாற்போல் நாள் பார்த்துக் கொடுப்பேன். ஜூலை விடுமுறைக்கு ஃபுளோரிடா கேட்பவர்களிடம் மட்டும், டிஸ்னிக்குத் தாராளமாகப் போங்கள், மேனட்டியை நம்பிப் போகாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்.

சரி, இடங்கள்.

ஓர்லாண்டோவில் தங்குகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஆரஞ்சு சிட்டியில் உள்ள புளூ ஸ்பிரிங் பூங்கா. காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் வந்து சேரும் ஊற்று ஓடை அது. ஓடையை ஒட்டியே மரப்பாதை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியில் வரும் ஆயாக்களும் பார்க்கலாம். மேனட்டி இருக்கும் காலத்தில் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. 1970-இல் அங்கே ஆராய்ச்சி தொடங்கியபோது எண்ணிக்கை பதினான்கு. 2024 ஜனவரி 21-ஆம் தேதி ஒரே நாளில் எண்ணியது 932. படகையும் நீச்சலையும் தடுத்து அந்த ஓடையை அதற்கென்று விட்டுக்கொடுத்ததால் வந்த பலன் இது.

டாம்பா பக்கம் தங்கினால் அப்போலோ பீச்சில் பிக் பெண்ட் என்ற மின்நிலையம் இருக்கிறது. இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு வெளியே விடும் கடல்நீர் சூடாக இருப்பதால் அந்த வாய்க்காலில் மேனட்டி கூடுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை பார்வையாளர் மேடை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. தெற்கே போகிறவர்களுக்கு ரிவியேரா பீச்சில் இன்னொரு மின்நிலையத்தின் ஓரமாக மேனட்டி லகூன் என்ற இடம் உண்டு, அதுவும் இலவசம்தான். மின்நிலையத்துச் சுடுநீரை நம்பி இத்தனை உயிர்கள் பழகிவிட்டனவே, நாளைக்கு அந்த நிலையங்களை மூடும்போது இவை எங்கே போகும் என்பது அங்குள்ளவர்களுக்கே பெரிய கவலை. பயணிகளிடம் இதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். புகைபோக்கிக்குக் கீழே நின்று பார்க்கும்போது, அது ஏன் அங்கே வந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெயர் பெற்றது கிரிஸ்டல் ரிவர். டாம்பாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். கிங்ஸ் பே என்ற விரிகுடாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. 1983-இல் இதை மேனட்டிக்கென்றே தேசியப் புகலிடம் ஆக்கினார்கள். முறைப்படி தண்ணீரில் இறங்கி மேனட்டியோடு மிதக்க அனுமதி உள்ள ஊர் இது. எங்கள் ஆட்கள் ஆசைப்படுவதும் இதற்குத்தான்.

ஒரு தடவை குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழுவோடு நானும் போனேன். வெட்சூட் மாட்டுவதற்கு முன்னால் படகுக்காரர்கள் ஒரு வீடியோ போட்டுக் காட்டுவார்கள்: துரத்தாதே, தொடாதே, தூங்குவதை எழுப்பாதே, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போகாதே. சூரியன் கிளம்பும் நேரம். காற்று நடுங்க வைத்தது, தண்ணீர்தான் காற்றைவிடச் சூடு. அதன்மேல் ஆவி படர்ந்து எதிர்க்கரை தெரியவில்லை. மிதவைக் குழாயைக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, காலை உதைக்காமல், முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துக் கிடக்கச் சொன்னார்கள்.

முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். முதுகில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. பிறகு அந்தப் பாறை அசையாமல் அப்படியே மேலே எழுந்தது. இரண்டு மூக்குத் துளைகளும் மூடி போட்டது போல் இறுகியிருந்தன. தண்ணீருக்கு மேலே வந்ததும் அவை திறந்து, புஸ் என்று ஒரு மூச்சு, மறுபடி இறுக மூடிக்கொண்டு கீழே இறங்கியது. ஓய்வில் இருந்தால் இருபது நிமிடம் வரை மூச்சை அடக்குமாம். பக்கத்தில் ஒரு குட்டி, தாயின் முன்துடுப்புக்குப் பின்னால் அக்குளில் வாயை வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடுப்பின் நுனியில் நகங்கள் இருந்தன, யானைக் காலில் இருப்பதைப் போலவே. யானை இதற்கு உண்மையிலேயே நெருங்கிய உறவு. டிராக்கன்ஸ்பர்க் மலையில் பாறை இடுக்குகளில் நாம் பார்க்கும் டாஸி என்ற சின்னப் பிராணியும் அந்த வகையறாதான். படகில் ஏறியதும் இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. முயல் அளவுள்ள டாஸியும் இதுவும் சொந்தமா என்று ஊர் திரும்பும் வரை கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அந்தத் தாயின் முதுகில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் இருந்தன. சம இடைவெளி விட்டு, சீவிக் கிழித்தது போல ஐந்தாறு. படகின் புரொப்பெல்லர் வெட்டிய தழும்பு. பெரும்பாலான மேனட்டிகளுக்கு இப்படி ஏதாவது ஒரு தழும்பு இருப்பதால், ஆராய்ச்சியாளர்கள் தழும்பை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பதிவு செய்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. முகமூடிக்குள் அழுவது சிரமம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தொடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுலா நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய விளம்பரத்தில், மேனட்டியைக் கட்டிப்பிடித்து நிற்கும் ஒரு படம் இருந்தது. அந்தப் படத்தைப் போட்டால் டிக்கெட் அதிகம் போகும் என்று எங்கள் அலுவலகத்திலேயே சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கச் சட்டப்படி மேனட்டியைத் தொந்தரவு செய்வது குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். குளிருக்குப் பயந்து ஊற்றுக்குள் ஒதுங்கியிருக்கும் பிராணி அது. மனிதர்கள் நெருக்குவதால் அந்த இடத்தை விட்டு வெளியே கிளம்பினால், வெளியே இருப்பது குளிர்ந்த கடல். நம் ஒரு போட்டோவுக்காக அதன் உயிர் போகலாம். கட்டிப்பிடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம், மரப்பாதையிலிருந்து பார்க்கும் புளூ ஸ்பிரிங்குக்கு மட்டுமே ஏற்பாடு செய்து தருவேன் என்று சொல்லிவிடுகிறேன். கடும் குளிர் நாளில் கிரிஸ்டல் ரிவரின் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றுக்குள்ளும் நீந்துபவர்களை விடமாட்டார்கள், கரையிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். காசு கட்டிவிட்டோமே என்று கோபப்படாமலிருக்க இதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். உண்மையில், கரையில் நின்று பார்ப்பதுதான் அதிகம் தெரியும் என்பது என் கருத்து. அத்தனை குளிரில் தண்ணீரே தெரியாத அளவுக்கு நெருங்கிக் கிடக்கும்.

2021-ஐ நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரே ஆண்டில் ஃபுளோரிடாவில் சுமார் 1,100 மேனட்டிகள் செத்தன. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் லகூன் என்ற நீண்ட காயலில், கழிவும் உரமும் கலந்து பாசி மண்டி, வெளிச்சம் போகாமல் கடற்புல் அழிந்துவிட்டது. சூடான தண்ணீர் இருந்தும் தின்ன ஒன்றும் இல்லை, பட்டினியால் செத்தன. அடுத்த குளிருக்கு அரசாங்கமே ஒரு மின்நிலையத்தின் ஓரமாக 90 டன்னுக்கு மேல் லெட்டூஸ் கீரை கொட்டியது. வெதுவெதுப்பு மட்டும் இருந்தால் போதாது, புல்லும் வேண்டும். இதைப் படித்த பிறகுதான் எங்கள் ஊர் நினைவு வந்தது. நான் தஞ்சாவூர் மாவட்டத்துச் சேதுபாவாசத்திரம் பக்கம். அங்கே பாக் விரிகுடாவில் ஆவுளியா இன்னும் மேய்கிறது என்றால், அடியில் கடற்புல் இருப்பதுதான் காரணம். 2022-இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தபோது, டர்பனில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்துத் திரும்ப விட்ட எங்கள் பக்கத்து மீனவர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அமெரிக்கா போக முடியாதவர்கள், விசாவுக்கு அலைய விரும்பாதவர்கள், "நம்ம ஆப்பிரிக்காவிலேயே எங்கேயாவது இருக்கா?" என்பார்கள். மேனட்டியில் ஓர் இனம் ஆப்பிரிக்காவில் உண்டுதான், ஆனால் அது மேற்குக் கரையில், செனகலிலிருந்து அங்கோலா வரை. நம் பக்கம் இல்லை. நமக்குப் பக்கத்தில் இருப்பது ஆவுளியா. மொசாம்பிக்கின் பசாரூட்டோ தீவுகளைச் சுற்றி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் நிலைத்து வாழும் கூட்டம் என்று சொல்லக்கூடியது அங்கே மட்டும்தான் மிச்சம். 2022-இல் இந்தக் கரை ஆவுளியாக்களை, அழிவின் விளிம்பில் இருப்பவை என்று உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விலாங்குலோவுக்கு விமானம் உண்டு, நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், தவிர்க்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை கடல் அமைதி. ஃபுளோரிடாவுக்கு ஆகாத ஜூலை விடுமுறை பசாரூட்டோவுக்கு நன்றாகப் பொருந்தும்.

ஆனால் ஆவுளியா ஊற்றைத் தேடி வந்து கூடுகிற பிராணி இல்லை. பரந்த கடலில் மேய்கிறது, கூச்சம் அதிகம், படகுச் சத்தம் கேட்டால் விலகிவிடும். தாழப் பறக்கும் சிறு விமானத்திலிருந்து பார்த்தவர்கள் உண்டு, பாய்மரப் படகில் போய்ப் பார்க்காமலே திரும்பியவர்கள் அதைவிட அதிகம்.

போன வாரம் டொங்காட்டிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி வந்தார்கள். ஐயாவிடம் இதை அப்படியே சொன்னேன். பார்க்க முடியும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது, தீவும் பவளப்பாறையும் ஆமையும் போதும் என்றால் போங்கள் என்றேன். அம்மாதான் பதில் சொன்னார். "அது அங்கே இருக்கிற கடல்ல நாங்களும் நாலு நாள் இருந்துட்டு வர்றோம்மா, போடு." ஆகஸ்ட் கடைசியில் போட்டிருக்கிறேன். அவருடைய ஒரே நிபந்தனை, புரட்டாசி பிறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். விரத மாதத்தில் விலாங்குலோ போய் இறால் சாப்பிடாமல் வர ஐயாவால் முடியாதாம்.