ஆச்சி படத்தில் முடியை மட்டும் சரிசெய்யப் பட்ட பாடு

ஆச்சி தவறிப்போய், பதினாறாம் நாளுக்குள் படத்தை ஃபிரேம் போட்டு வாங்க வேண்டும் என்று கிளம்பி ஒரு வாரம் அலைந்தேன். இருந்த ஒரே நல்ல படம், போன ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் என் போனில் எடுத்தது. முகம் அவ்வளவு தெளிவு. ஆனால் காரையாற்றுக் காற்றில் முடி பறந்து, நெற்றியிலும் காதோரத்திலும் வெள்ளை நூலாகக் கிடந்தது. எண்ணெய் தேய்த்து வாரிக் கொண்டை போடாமல் வாசலுக்கே வராதவள் அவள். அந்தக் கோலத்தில் சுவரில் மாட்ட மனசு வரவில்லை.

முதலில் ஒரு போன் ஆப். முடி படிந்தது, கூடவே நரை கறுத்துச் சுருக்கமெல்லாம் போய், நெற்றித் திருநீற்றையும் கறை மாதிரி துடைத்துவிட்டது. அடுத்து ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோ. 400 ரூபாய், மூன்று நாள். வந்த படத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. வளர்த்துத் தொங்கும் ஆச்சியின் காது சாதாரணக் காதாகி, பாம்படம் என்ற அந்தக் காலத்துக் கனமான காதணி இருந்த இடத்தில் ஜிமிக்கி! கேட்டால், "ஏஐ-ல போட்டா இப்படித்தான்க்கா வரும், பார்க்குறவங்களுக்குத் தெரியாது" என்கிறார். எங்களுக்குத் தெரியாதா?

கடைசியில் பாளையங்கோட்டையில் அண்ணன் மகன்தான் ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்தான். அங்கேயும் முதல் ஒரு மணி நேரம் வீண், ஏனென்றால் நான் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதில் படம் சுருங்கி, முடியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. ஸ்டுடியோவுக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் போனையே கையில் கொண்டு போங்கள்.

அப்புறம், தலை முழுவதையும் சுற்றி வளைத்து ஏஐ-யிடம் கொடுக்கவே கூடாது. அவனிடம் இருந்த, 2023-இல் வெளிவந்த பதிப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் (குறித்துக் கொடுத்த இடத்தை ஏஐ வரைந்து நிரப்பும் வசதி) ஒரு தடவைக்கு 1024 பிக்சல் அளவுக்குத்தான் வரையும். பெரிய இடமாகக் கொடுத்தால் அதை இழுத்து நிரப்புவதால் முடி பஞ்சு மாதிரி மங்கிவிடும். அதனால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத துண்டு துண்டாகக் கொடுத்தோம். பின்னால் காட்டுப் பச்சை மங்கலாக இருந்ததால் வெளியே பறந்த முடி, தேய்த்த இடத்தை அழித்து நிரப்பும் ரிமூவ் டூலில் சட்டென்று போய்விட்டது. நெற்றிதான் கஷ்டம். இரண்டு மடங்கு பெரிதாக்கி, பிரஷ்ஷை ஒரு முடி கனத்துக்குச் சுருக்கி, ஒவ்வொன்றாக எடுத்தான், கொஞ்சம் தடித்தாலும் சுருக்கமும் சேர்ந்து போகிறது. எல்லாம் அசல் படத்தைத் தொடாமல், அதன் மேல் போட்ட தனி லேயரில்தான். பாம்படத்தின் ஓரம் ஒரு இடத்தில் உருகினபோது மாஸ்க்கில், அதாவது மேல் லேயரில் அந்த இடத்தை மட்டும் மறைத்து, பழைய காதை அப்படியே மீட்டுவிட்டான். "காதுக்கிட்ட ரெண்டு முடி இருந்துட்டுப் போகட்டும் அத்தை, அதைத் தொட வேண்டாம்" என்றான். சரி என்றேன்.

பதினாறுக்கு முந்தின ராத்திரி ஃபிரேம் கைக்கு வந்தது. சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது காதைத்தான்.