பம்பை நிறுத்திய பிறகு வருகிற குரோமியம்

ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுச் சென்றது. மழைக்காலத்தில் அதைச் சுற்றி மஞ்சளாகத் தண்ணீர் தேங்கும். அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரோடு எளிதில் ஓடும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மூன்று இணைதிறன் வகை பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம்.

அங்குள்ள மண்ணைக் குழாயில் நிரப்பி, தண்ணீர் விட்டு, குரோமியம் எப்படி வெளியேறுகிறது என்று நாள்கணக்கில் பார்ப்பதுதான் என் சோதனை. அந்தப் பக்கம் மண் எடுக்கப் போனபோது ஒரு பெரியவர் கேட்டார்: "இன்னாத்துக்கும்மா இம்மாம் நாளு? பாட்டில்ல மண்ணப் போட்டு, தண்ணி ஊத்திக் குலுக்கிப் பாத்தா தெரிஞ்சிடாதா?"

"தெரியும் ஐயா, எவ்வளவு கரையும்னு தெரியும். எப்போ வரும், எப்போ நிக்கும்னு தெரியாதே" என்றேன். குலுக்கும் சோதனையையும் நான் செய்கிறேன். ஆனால் பாட்டிலில் ஒவ்வொரு துகளையும் தண்ணீர் நாலாபக்கமும் கழுவுகிறது. நிலத்தடியில் அப்படி நடப்பதில்லை. கிடைத்த இடுக்கு வழியாகத் தண்ணீர் போகிறது, மற்ற இடங்களில் தேங்கி நிற்கிறது.

அதனால்தான் மண் நிரப்பிய குழாய். 5 சென்டிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் குழாய், கிட்டத்தட்ட 390 மில்லி கொள்ளும். அதில் நாற்பது சதவீதம் மண் துகள்களுக்கு இடையிலான இடைவெளி என்றால் சுமார் 157 மில்லி. இதைத்தான் 'ஒரு போர் வால்யூம்' (pore volume, துளைக் கொள்ளளவு) என்கிறோம். மணிக்கு 10 மில்லி விட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் ஒருமுறை மாற ஏறக்குறைய பதினாறு மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால், மண்ணுக்கும் தண்ணீருக்கும் பழகவே நேரம் இருக்காது.

மண்ணைக் கொட்டி நிரப்புவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. கொஞ்சம் போட்டு லேசாகத் தட்டி, மேற்பரப்பைக் கம்பியால் கீறிவிட்டு, அடுத்ததைப் போட வேண்டும். கீறாவிட்டால் அடுக்குக்கு அடுக்கு கோடு விழும். பிறகு கீழிருந்து மேலாக, மிக மெதுவாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அப்போதுதான் காற்று வெளியேறும். முதலில் குளோரைடு கரைசலை விட்டுப் பார்ப்பேன். அது மண்ணில் ஏறக்குறைய ஒட்டவே ஒட்டாது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அது வெளியே வந்தால், தண்ணீர் குழாய்ச் சுவரோரம் வழிகிறது என்று பொருள். குழாயைக் காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டியதுதான்.

மண் சும்மா வடிகட்டி இல்லை என்பதை இந்த முறைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. 1850இல் இங்கிலாந்தில் தாம்சன் என்ற விவசாயியும் வே என்ற வேதியியலாளரும் வெளியிட்ட சோதனைகளில், மேலே ஊற்றியது அம்மோனியம் சல்ஃபேட், கீழே வந்தது கால்சியம் சல்ஃபேட். அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்திருந்தது மண்.

என் குழாயில் வரும் நீரைச் சிறு புட்டிகளில் பிடித்து, அமிலத்தோடு டைஃபினைல்கார்பசைடு என்ற நிறங்காட்டும் வேதிப்பொருளைச் சேர்ப்பேன். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா கலந்த சிவப்பு ஏறும், 540 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். முதல் புட்டிகளில் நிறம் அடர்த்தியாக இருக்கும், பிறகு சரசரவென்று வெளுக்கும். சுத்தமாகிவிட்டது என்றே தோன்றும்.

அந்த நிலையில், குழாய்க்குள் தண்ணீர் தள்ளும் பம்பை நிறுத்தி, இரண்டு நாள் விட்டு மறுபடி ஓட்டுங்கள். நிறம் திரும்ப ஏறுகிறது. களிமண் கட்டிகளுக்குள்ளே, தேங்கிய நுண்துளைகளில் இருந்த குரோமியம் அந்த இடைவேளையில் மெல்ல வெளியே கசிந்து வந்திருக்கிறது. இரும்பு ஆக்சைடு பிடித்துவைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறது. கிணற்றிலிருந்து நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் திட்டங்களிலும் இதேதான் நடக்கும். இறைக்கும்போது அளவு குறையும், நிறுத்தியதும் ஏறும். 'குறைந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் நாளில் பம்பு ஓடிக்கொண்டிருந்ததா, நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பதை அறிக்கையில் கட்டாயம் எழுத வேண்டும் என்பேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலான ஆய்வகங்களில் மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பது வழக்கம். மெதுவாகக் கசிகிற அந்தக் கட்டிகளே சல்லடையில் உடைந்துபோகின்றன. ஆகவே இப்போது தரையில் குழாயை இறக்கி, மண்ணைக் கலைக்காமல் அப்படியே எடுத்து வருகிறோம். வேர்த் துளைகளும் கட்டிகளும் அப்படியே வரும். இரண்டு குழாய்கள் ஒன்றுபோல் இருக்காது, வரைபடமும் அழகாக வராது. அடுத்து இவற்றில் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பை விட்டு, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றிப் பார்க்கிறோம். இரும்பு படிந்து துளைகள் அடைபடுகிறதா என்பதை அறிய, குழாயின் இரு முனைகளிலும் அழுத்தமானி மாட்டியிருக்கிறோம்.