பனியில் பேனா எழுதாது

9 ஜூன் 2025, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து உயர் நீதிமன்றம் திறந்து இரண்டாவது வாரம். தம்பு செட்டித் தெருவில் நடக்க இடமில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் அவர் என் அலுவலகப் படியேறி வந்தார். டெல்டாப் பக்கத்துச் செய்தியாளர், வயது ஐம்பத்து மூன்று. மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பெயரையும் ஊரையும் நான் எழுதப் போவதில்லை. மற்றதை எழுதலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஏப்ரலில் ஆற்று மணல் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு குவாரிக்காரரின் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியதும், பத்திரிகை மே மாதம் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து ஒதுங்கிவிட்டது. ஆசிரியரை விட்டுவிட்டு இவர் ஒருவர் மீது மட்டும் குற்றவியல் அவதூறுப் புகார். ஜூன் 24 அன்று நடுவர் நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது.

“ஆதாரம் என்ன வைத்திருக்கிறீர்கள், அண்ணா?” என்று கேட்டேன். ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்து வைத்தார். முதல் பக்கத்தில் மகளின் பெயர், வகுப்பு, பிரிவு. அடுத்த பக்கத்திலிருந்து லாரிகள். ‘2.10 காலி. 2.25 லோடு. 2.31 லோடு, தார்ப்பாய் இல்லை, தண்ணீர் சொட்டுகிறது.’ ஒரே இரவில் நாற்பத்தொரு வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் வண்டி எண். தண்ணீர் சொட்டினால் அப்போதுதான் ஆற்றிலிருந்து அள்ளியது என்று பொருளாம். கிடங்கில் கிடந்த மணல் சொட்டாது. எழுத்து முழுவதும் பென்சில்.

“தை மாதம் அம்மா. கரையில்தான் உட்கார்ந்திருந்தேன். பனியில் தாள் ஈரமாகிவிடும், பேனா எழுதாது.”

தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அனுமதி ஆணையின் நகலும் பையில் இருந்தது. இரவில் அள்ளக் கூடாது என்பது அதில் ஐந்தாவது நிபந்தனை. வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். கட்டணம் என்ன என்று இரண்டு முறை கேட்டார். நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம் என்றேன்.

12 ஜூன், வியாழன்

அவதூறுக்குக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது. குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016 மே 13 அன்று சொன்ன சுப்பிரமணியன் சுவாமி வழக்குத் தீர்ப்பே அதையும் சொல்லியிருக்கிறது. ஆகவே வேறு வழியில் வந்திருக்கிறார்கள். ‘பணம் கேட்டு மிரட்டினார்’ என்று ஒரு புகார். கைபேசியுடன் நேரில் வரும்படி காவல் நிலையத்திலிருந்து ஓர் அறிவிப்பு. மாவட்டங்களில் எழுதுகிறவர்கள் மீது இந்தப் புகார் எத்தனை முறை பாய்ந்திருக்கிறது என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் தேடுவது பணம் கேட்ட குரலை அல்ல. அனுமதி ஆணையைத் தகவல் உரிமையில் கேட்கலாம் என்று இவருக்குச் சொன்னது யார், எந்த இரவில் கரைக்குப் போக வேண்டும் என்று சொன்னது யார் என்பதைத்தான்.

தொலைபேசியில் அவர் நிதானமாகவே பேசினார். “செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டம் இருக்கிறதே, அம்மா?”

நானும் இந்தச் சட்டம் அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று பல முறை ஏங்கியிருக்கிறேன். 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டத்தில் 15(2) என்று ஓர் உட்பிரிவு உண்டு; ஆனால் அது பிரஸ் கவுன்சில் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டுமே சொன்னது. செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல மறுக்கும் செய்தியாளரைக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் காக்க நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை. இருப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினால் நான் அவருக்குச் செய்யும் துரோகம் அது. உள்ளபடியே சொன்னேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை. நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியே எடுக்க முடியாது என்று சாட்சியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனாலும் எனக்குத் தெரியாமல் இருப்பது அந்த மனிதருக்கு இன்னொரு பூட்டு.

இரவு பத்து வரை ஜூனியருடன் உட்கார்ந்து பதில் எழுதினேன். நேரில் வருவார், புகாரின் நகல் வேண்டும், கைபேசியில் எந்தப் பதிவு தேவை என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், மொத்தமாகக் கைபேசியைத் தர இயலாது. முதல் தகவல் அறிக்கை கசிந்த விவகாரம் ஒன்றில் பத்திரிகையாளர்களிடமிருந்து எடுத்த கைபேசிகளைத் திருப்பித் தரும்படி இந்த பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையும் இணைத்தோம்.

கைபேசி போய்விட்டால் லாரிப் படங்களும் போய்விடும். அதனால் படங்களைப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும், படம் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு குறித்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவில் சான்றிதழ் தயாரிக்க வேண்டும். அதன் முதல் பகுதியில் அவர் கையெழுத்திடுவார். இரண்டாம் பகுதிக்கு ஒரு நிபுணர் வேண்டும். தஞ்சாவூரில் ஒருவரைப் பிடித்துவிட்டோம்.

14 ஜூன், சனி

ஜூனியர் அவருடன் போய்விட்டுத் திரும்பினார். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கைபேசியை எடுக்கவில்லை.

பிற்பகல் வேறு வேலை. வார இதழ் ஒன்றுக்கு அச்சுக்குப் போகும் முன் கட்டுரைகளைப் படித்துக் கொடுக்கிறேன். ஓர் இளம் செய்தியாளர் எழுதியதில் பதினொரு இடங்களில் ‘கூறப்படுகிறது’. அந்தச் சொல் கவசம் என்று எங்கோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஊர் சொன்ன வதந்தியை நீங்கள் திருப்பிச் சொன்னால், சொன்னவர் நீங்கள்தான். யார் சொன்னார், எப்போது சொன்னார், அவரிடம் தாள் இருக்கிறதா, எதிர்த்தரப்பிடம் கேட்டீர்களா, கேட்ட நேரத்தைக் குறித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஏழு ‘கூறப்படுகிறது’ போயின. நான்கு இடங்களில் பெயரும் தேதியும் வந்தன. கட்டுரை முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது. கத்தரிப்பதுதான் வழக்கறிஞர் வேலை என்று நினைத்து வந்த அந்தப் பெண், போகும்போது அடுத்த கட்டுரையை எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டார். இந்த வாரத்தின் மிகவும் மகிழ்ச்சியான இரண்டு மணி நேரம்.

23 ஜூன், திங்கள், ரயிலில்

நாளைக்கான வழக்குக் கட்டை மறுபடி படித்தேன். நம் ஊர் வழக்குகள் இரண்டு எப்போதும் உடன் வருகின்றன. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்ற அரசாணை செல்லாது என்று 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் ‘பொது ஒழுங்கு’ என்பதைச் சேர்த்துவிட்டார்கள். இன்னொன்று 1994 அக்டோபர் 7, நக்கீரன் வழக்கு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறையிலிருந்து கடிதம் போனது. வெளியாகும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை, பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். அந்த இரண்டாவது வரியின் மீதுதான் எங்கள் அனுமதி ஆணை நிற்கிறது.

24 ஜூன், செவ்வாய்

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எனக்கு மனக்குறைகள் நிறைய. ஆனால் 223ஆம் பிரிவில் ஒரு நல்லது உண்டு: தனிநபர் புகாரைக் கோப்பில் எடுத்துக்கொள்ளும் முன்பே, புகாருக்கு ஆளானவரைக் கேட்டாக வேண்டும். முன்பெல்லாம் அழைப்பாணை வந்த பிறகுதான் நமக்கே தெரியும். அதன் பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தா.

வழக்கறிஞர் வந்தால் போதும் என்று சொல்லியும் அண்ணன் வந்துவிட்டார், மனைவியுடன். பத்தரையிலிருந்து வராந்தாவில் நின்றோம். அந்த அக்கா மூன்று பேருக்கும் புளிசாதம் கட்டி வந்திருந்தார். இன்றைய நாள் கூலி போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு கணக்குப் போட்டிருப்பது அதைத்தான். சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுகள் மாதம் ஒரு நாள் இந்த வராந்தாவில் நிற்க வைத்தால் போதும். ஒரு மனிதர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் தொடங்காமலேயே இருந்துவிடுவார்கள்.

மூன்றேகாலுக்குத் தபேதார் பெயரைக் கூப்பிட்டார். உண்மையா, பொது நன்மைக்கா என்பதெல்லாம் விசாரணையின்போது பார்க்க வேண்டியவை என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். பொதுவாக அது சரியான வாதம்தான். குற்றவியல் அவதூறில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மையும் சேர வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையது. நான் அங்கே போகவில்லை. கட்டுரையில் எந்த வாக்கியம் பொய் என்று புகார்தாரர் தன் உறுதிமொழி வாக்குமூலத்தில் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை; இத்தகைய புகார்களை எல்லாக் கோணத்திலும் அலசிப் பார்க்கும் பெரும் பொறுப்பு நடுவருக்கு உண்டு என்று அதே 2016 தீர்ப்பு சொல்கிறது; இவ்வளவுதான் என் வாதம். பத்திரிகையே வருத்தம் தெரிவித்துவிட்டதே என்றார் அவர். ஆசிரியரின் அச்சம் எங்கள் கட்சிக்காரரின் ஒப்புதல் ஆகாது என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

நடுவர் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பென்சில் எழுத்து மங்கல். சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து இரண்டு பக்கம் படித்தார். உத்தரவுக்காக ஜூலை 11.

30 ஜூன், திங்கள்

நாள் முழுவதும் வேறொரு வழக்கு: எங்களைக் கேட்காமலேயே பெற்ற ஒருதலைப்பட்சத் தடையுத்தரவை விலக்கும் மனு. 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில், விசாரணைக்கு முன்பே கட்டுரையைத் தடுக்கும் உத்தரவை மிக அரிதாகவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் தடை எளிதாகக் கிடைக்கிறது, விலக்கத்தான் மாதங்கள் ஆகின்றன. மூன்று வாரம் தள்ளிப் போனது. இன்று எழுத மனமில்லை.

11 ஜூலை, வெள்ளி

புகார் தள்ளுபடி. இரண்டரைப் பக்க உத்தரவு, புதிய நடைமுறைச் சட்டத்தின் 226ஆம் பிரிவில். எது பொய் என்று காட்டப்படவில்லை, வெளியிட்டது பொது ஆவணத்தை ஒட்டிய செய்தி என்கிறது. அவர்கள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் சீராய்வுக்குப் போகலாம். தொண்ணூறு நாள் இருக்கிறது. மிரட்டல் புகாரும் இன்னும் முடித்துவைக்கப்படவில்லை.

தொலைபேசியில் சொன்னேன். “சரி அம்மா, சரி அம்மா” என்று நான்கு முறை சொன்னார். பிறகு அக்கா வாங்கிப் பேசினார். அவர் அழுதார்.

14 ஜூலை, திங்கள்

காலையில் அவரே கூப்பிட்டார். மே மாதத்திலிருந்து பத்திரிகை இவர் செய்தி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டையையும் திருப்பி வாங்கிவிட்டார்கள். இதை அவர் இத்தனை நாளும் சொல்லவில்லை. நானும் வழக்குக் கட்டைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உத்தரவின் நகலோடு ஆசிரியரைப் போய்ப் பார்க்கப் போகிறாராம். இணையத்திலிருந்து எடுத்துத் தரவா என்றேன். வேண்டாம், நீதிமன்ற முத்திரை போட்டதுதான் வேண்டும் என்றார். குமாஸ்தா இன்று நகல் மனு போட்டுவிட்டார். வியாழக்கிழமை கிடைக்கும் என்கிறார்கள். இரண்டு பிரதி கேட்டிருக்கிறோம்.